உச்சிக்குழி புடைத்தால் காத்திருக்கக் கூடாது
பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் மூளையுறை அழற்சி

மாணவர்களே, உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் தலையின் நடுப்பகுதியை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் எலும்பு தட்டுப்படாது; மெத்தென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் நாடித் துடிப்பும் தெரியும். குளிப்பாட்டிய பின் பாட்டிமார்கள் விளக்கெண்ணெய் வைக்கும் அந்த இடத்திற்கு உச்சிக்குழி என்று பெயர்.

பிறக்கும்போது குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல எலும்புத் தகடுகள் அருகருகே அமைந்திருக்கும். பிரசவத்தின்போது தலை சற்று ஒடுங்கி வெளியே வரவும், பிறந்த பிறகு வேகமாக வளரும் மூளைக்கு இடம் கிடைக்கவும் இந்த அமைப்பு உதவுகிறது. தகடுகள் சந்திக்கும் இடத்தில் உள்ள இடைவெளியே உச்சிக்குழி. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒன்றரை வயதையொட்டி மூடிக்கொள்ளும்.

குழந்தை அமைதியாக, நிமிர்ந்த நிலையில் இருக்கும்போது உச்சிக்குழி தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். வயிற்றுப்போக்கினால் உடலில் நீர் குறைந்துவிட்டால் அது ஆழமாகக் குழியும். மண்டையோட்டிற்குள் அழுத்தம் கூடினால் மேலே புடைக்கும். அழும்போது சிறிது நேரம் புடைப்பது இயல்புதான். அழாத நேரத்திலும் புடைத்தபடியே இருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. அத்தகைய ஆபத்தை உண்டாக்கும் நோய்களில் முக்கியமான ஒன்றைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். தமிழில் இதனை மூளையுறை அழற்சி என்கிறோம். மருத்துவமனையில் மெனிஞ்சைடிஸ் என்பார்கள்.

மூன்று உறைகளும் ஒரு நீரும்

நமது மூளையையும் அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. வெளியே உள்ளது தடிப்பானது. நடுவில் உள்ளது சிலந்தி வலை போன்றது. உள்ளே உள்ளது மூளையின் மேற்பரப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் மிக மெல்லிய உறை. நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதுதான் மூளைத் தண்டுவட நீர்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நேரத்தில் இந்த நீர் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீரைப் புதிதாகச் சுரக்கிறது. அப்படியானால் பழைய நீர் வடிந்து புதிய நீர் நிரம்புவது ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது என்று கணக்கிடலாம். மூளை அதிராமல் காப்பதும் கழிவுகளை அகற்ற உதவுவதும் இந்த நீரின் வேலைகள்.

இந்த உறைகளிலும் நீரிலும் கிருமி புகுந்து வீக்கம் உண்டாவதே மூளையுறை அழற்சி. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை ஆகிய மூன்றாலும் இது வரலாம். பாக்டீரியாவால் வருவதுதான் மிகவும் ஆபத்தானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாக்டீரியா மூளையுறை அழற்சி கண்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறந்துவிடுகிறார். ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்படுகின்றன. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. பிறந்து சில நாள் அல்லது சில வாரமே ஆன குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கிருமி மூளைக்குள் போவது எப்படி?

வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூளையைச் சுற்றி எலும்பு இருக்கிறது, உறை இருக்கிறது. பிறகு கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது, சார்?" நல்ல கேள்விதான். பெரும்பாலும் கிருமி இரத்தத்தின் வழியாகப் போகிறது.

உடலின் மற்ற பகுதிகளில் உள்ள இரத்தத் தந்துகிகளின் சுவரில் சிறு இடைவெளிகள் இருக்கும். சத்துப் பொருள்களும் வெள்ளை அணுக்களும் அவற்றின் வழியே வெளியேற முடியும். மூளையில் உள்ள தந்துகிகள் அப்படியல்ல. அவற்றின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கும். இரத்தத்தில் உள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைந்துவிடாமல் இது காக்கிறது. இதற்கு இரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர்.

ஆனால் சில பாக்டீரியாக்கள் இந்தத் தடுப்பையும் தாண்டும் திறன் பெற்றவை. முதலில் அவை தொண்டை, குடல், தொப்புள் போன்ற ஏதோ ஓரிடத்திலிருந்து இரத்தத்தில் கலக்கின்றன. அங்கே பெருகி, பின் தந்துகிச் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கடந்து மூளைத் தண்டுவட நீருக்குள் சென்று சேருகின்றன. அங்கே கிருமிக்கு வசதி அதிகம். இரத்தத்தில் உள்ள அளவுக்கு எதிர்ப்பொருளோ வெள்ளை அணுக்களோ அந்த நீரில் இல்லை. எனவே தடையின்றிப் பெருகுகின்றன.

பெருக்கம் என்றால் எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈ கோலி என்னும் பாக்டீரியா ஆய்வுக்கூடத்தில் நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒரு மணி நேரத்தில் 3 முறை. எட்டு மணி நேரத்தில் 24 முறை. ஒரே ஒரு பாக்டீரியா 24 முறை இரட்டிப்பானால் 16,777,216 ஆகிவிடும். உடலுக்குள் இவ்வளவு வேகம் இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் "இன்று இரவு பார்த்துவிட்டு நாளைக் காலையில் கிளினிக்குப் போகலாம்" என்று ஒரு குடும்பம் முடிவு செய்யும்போது கிருமிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை இந்தக் கணக்கு உணர்த்தும்.

கிருமி பெருகிய பிறகு வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. அவை கிருமியோடு போரிடும்போது உறைகள் வீங்குகின்றன. நீர் வடியும் பாதைகள் அடைபடுகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறையக்கூடும். ஆகவே மூளைக்கு ஏற்படும் சேதத்தில் கிருமிக்கு ஒரு பங்கு, வீக்கத்துக்கு ஒரு பங்கு.

பச்சிளம் குழந்தைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

இரண்டாம் படிவ அறிவியலில் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தாயிடமிருந்து கருவுக்குக் கிடைக்கும் எதிர்ப்பொருள் இயற்கையான மந்த எதிர்ப்பாற்றலுக்கு எடுத்துக்காட்டு. ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது. இதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் செல்கிறது. எனவே குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தச் சொத்து குறைவாகவே கிடைக்கும். ஐஜிஎம் என்னும் மற்றொரு வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடப்பதே இல்லை. ஈ கோலி போன்ற கிருமிகளை எதிர்க்க அதுதான் அதிகம் தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல, சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வழுவழுப்பான ஓர் உறையைப் போர்த்தியிருக்கின்றன. வெள்ளை அணு எளிதில் பற்றி விழுங்க முடியாதபடி இந்த உறை காக்கிறது. பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் கே1 வகை ஈ கோலியின் உறை விசித்திரமானது. குழந்தையின் சொந்த நரம்புச் செல்களின் மேல் காணப்படும் அதே மூலக்கூறால் ஆனது அது. ஆகவே அது அந்நியக் கிருமி என்பதைக் குழந்தையின் உடல் சரியாக அடையாளம் காண்பதில்லை.

வயதுக்கு வயது கிருமி மாறும்

முதல் சில வாரங்களில் தாக்கும் கிருமிகள் வேறு. சில மாதங்களுக்குப் பிறகு தாக்கும் கிருமிகள் வேறு. பச்சிளம் பருவத்தில் முக்கியமானவை பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ கோலி, லிஸ்டீரியா ஆகியவை.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் உடலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் தங்கியிருக்கிறது. இது தாயின் தவறோ சுத்தக் குறைவோ அல்ல. பிரசவத்தின்போது சில குழந்தைகளுக்கு இக்கிருமி தொற்றிக்கொள்கிறது. முதல் வாரத்திலேயே நோய் வரலாம். ஒரு வாரம் கழித்து மூன்று மாதத்திற்குள்ளும் வரலாம்.

லிஸ்டீரியா உணவின் வழியாகத் தாய்க்கு வந்து கருவைத் தாக்கும். குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடிய அபூர்வமான பாக்டீரியா இது. தோட்டப் புறங்களில் மாடு வளர்ப்பவர்களிடம் பால் வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு. கர்ப்பிணிகள் அந்தப் பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தை சில மாதங்கள் வளர்ந்ததும் ஹிப், நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் ஆகிய மூன்றும் முன்னுக்கு வருகின்றன. இவை தொண்டையிலும் மூக்கிலும் வாழ்பவை. இருமல், தும்மல், எச்சில் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். சிறு குழந்தைகள் கூட்டமாக இருக்கும் இடம் இவற்றுக்கு ஏற்ற இடம். அன்று தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போகும்போது குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். இன்று தாஸ்காவில் விடுகிறார்கள். இடம் மாறினாலும் கிருமி பரவும் முறை மாறவில்லை.

அறிகுறிகள் ஏன் ஏமாற்றும்?

பெரியவர்களுக்கு மூளையுறை அழற்சி வந்தால் கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை எனத் தெளிவான அறிகுறிகள் இருக்கும். கைக்குழந்தையால் "தலை வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. பச்சிளம் குழந்தைகளில் பலருக்குக் கழுத்து விறைப்பதும் இல்லை. சிலருக்குக் காய்ச்சல்கூட வராது. அதற்கு மாறாக உடல் சில்லென்று ஆகிவிடும். எனவே வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

• மார்பில் வைத்தாலும் பால் குடிக்க மறுப்பது, அல்லது இரண்டு வாய் குடித்துவிட்டு ஓய்ந்துவிடுவது.
• எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது.
• தூக்கினால் அடங்காமல், தூக்கும்போது இன்னும் அதிகமாக அழுவது. வழக்கத்துக்கு மாறான கீச்சுக் குரலில் அழுவது.
• 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். அல்லது உடல் வெப்பம் குறைவது.
• திரும்பத் திரும்ப வாந்தி.
• மூச்சு வேகமாக வாங்குவது, அல்லது இடையிடையே நின்று நின்று வருவது.
• கை கால் வெட்டி இழுப்பது, கண் ஒரு பக்கமாகச் செருகுவது.
• அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது.

இவற்றில் எல்லாம் சேர்ந்து வர வேண்டியதில்லை. உச்சிக்குழி புடைப்பதும் வலிப்பும் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே தெரியும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் இருந்தால் அந்த ஓர் அறிகுறியே போதும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

நம் குடும்பங்களில் குழந்தை பால் குடிக்காவிட்டால் "மாந்தம்" என்பார்கள். துவண்டு கிடந்தால் "தோஷம்" என்பார்கள். இழுத்தால் "ஜன்னி" என்பார்கள். பெரியவர்கள் அக்கறையோடு சொல்லும் சொற்கள்தாம் இவை. மருத்துவமனை எட்டாத காலத்தில் தோட்டத்து லயங்களில் அவர்களுக்குக் கிடைத்த விளக்கமும் அதுவே. திருஷ்டி கழிக்க வேண்டும், கோயிலில் கயிறு கட்ட வேண்டும் என்று விரும்பினால் அதனை மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் செய்யலாம். வரிசை மாறினால்தான் ஆபத்து.

முதுகில் போடும் ஊசி

மருத்துவமனைக்குப் போன பிறகு, சந்தேகம் இருந்தால் மருத்துவர் இரத்தம் எடுப்பார். அடுத்ததாக, "முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்பார். இந்த இடத்தில்தான் பல பெற்றோர் தயங்குகிறார்கள். "முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடுமாம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருக்கலாம். இது சரியா என்று உடற்கூற்றைக் கொண்டு பார்ப்போம்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவது எலும்பின் அருகே முடிந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்குச் சற்றுக் கீழே, மூன்றாவது எலும்பை ஒட்டி முடிகிறது. அதற்குக் கீழே தடித்த தண்டுவடம் கிடையாது. குதிரை வால் போல் பிரிந்த நரம்புகள் மட்டும் நீரில் மிதக்கின்றன. மருத்துவர் ஊசியைச் செலுத்துவது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். எடுப்பது சில துளிகள், ஒன்றிரண்டு மில்லிலிட்டர். உடல் அதனைச் சில மணி நேரத்தில் மீண்டும் சுரந்துவிடும். குழந்தையின் உடல்நிலை மிகவும் மோசமாக இருந்தால் மருத்துவர்கள் சோதனையைத் தள்ளிவைத்து, மருந்தை முதலில் தொடங்கிவிடுவார்கள்.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்க்கே விளக்கிய முறை இது. நூற்றாண்டு கடந்தும் இதற்கு ஈடான சோதனை வரவில்லை. இயல்பான மூளைத் தண்டுவட நீர் தண்ணீரைப் போல் தெளிவாக இருக்கும். பாக்டீரியா தாக்கியிருந்தால் கலங்கிப் போகும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை கூடும், புரதம் கூடும், சர்க்கரை குறையும். நீரைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமியே கண்ணில் படலாம். அதை வளர்த்துப் பார்த்தால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

நம் மாவட்டம் கற்ற பாடம்

இந்த நீரின் அருமையை நம் போர்டிக்சன் மாவட்டம் நன்கு அறியும். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடம் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. பிறகு நெகிரி செம்பிலானுக்குப் பரவி, நம் மாவட்டத்திலுள்ள புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைக் கடுமையாகத் தாக்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். கொசுப் புகை அடித்தார்கள். அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அது பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பது அதன் பிறகே உறுதியானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் உயிரிழந்தனர். அந்த வைரஸுக்கு இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே சூட்டினார்கள். நிப்பா வைரஸ் என்று இன்று உலகமே சொல்லும் பெயர் நம் ஊரின் பெயர்.

நிப்பா வேறு, இந்தக் கட்டுரையில் பேசும் நோய் வேறு. நிப்பா ஒரு வைரஸ். அது மூளைத் திசுவையே தாக்குகிறது. அண்டிபயோட்டிக் மருந்து அதனிடம் பலிக்காது. பாக்டீரியா மூளையுறை அழற்சிக்கோ பலிக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. எந்தக் கிருமி என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் இருட்டில் கல்லெறிவதைப் போன்றது. கிருமியைக் காட்டிக் கொடுப்பது அந்தச் சில துளி நீர்தான்.

சிகிச்சை

சோதனை முடிவு முழுமையாக வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். மருத்துவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. குழந்தையின் வயதுக்கு எந்தக் கிருமிகள் வர வாய்ப்புண்டோ அவற்றுக்கெல்லாம் சேர்த்து மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கு ஆம்பிசிலின், ஜென்டாமைசின், செஃபோடாக்சிம் போன்றவை நரம்பு வழியே செலுத்தப்படுகின்றன. இரண்டு மூன்று மருந்துகள் எதற்கு என்று கேட்கலாம். செஃபோடாக்சிம் பல கிருமிகளைக் கொல்லும். லிஸ்டீரியாவை மட்டும் கொல்லாது. அதற்கு ஆம்பிசிலின் வேண்டும். இப்படி ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் குறைந்தது 14 நாள் சிகிச்சை. ஈ கோலி போன்றவை என்றால் குறைந்தது 21 நாள். மூன்றாம் நாளே குழந்தை சிரித்துப் பால் குடிக்கத் தொடங்கலாம். அதைப் பார்த்துவிட்டு, "தேறிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்" என்று பாதியில் கிளம்பினால் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும்.

வீடு திரும்பிய பிறகும் கவனிப்பு தேவை. உள்காதுக்கும் மூளைத் தண்டுவட நீருக்கும் நுண்ணிய தொடர்பு இருப்பதால், கிருமியும் வீக்கமும் காதுக்குள் சென்று கேட்கும் திறனைக் கெடுக்கலாம். ஆகவே செவித்திறன் சோதனை கட்டாயம் செய்யப்பட வேண்டும். கேட்காத குழந்தைக்குப் பேச்சும் வராது. சீக்கிரம் கண்டுபிடித்துக் கருவி பொருத்தினால் பேசவும் படிக்கவும் வழி பிறக்கும். நீர் வடியும் பாதை அடைபட்டு மண்டைக்குள் நீர் தேங்குவது, வலிப்பு நோய், கை கால் அசைவிலும் கற்றலிலும் பின்னடைவு ஆகியவையும் சிலருக்கு ஏற்படுகின்றன. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்துகள் குறையும்.

தடுப்பூசி செய்த மாற்றம்

ஹிப் என்பது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி என்பதன் சுருக்கம். பெயரில் இன்ஃபுளூயன்சா இருந்தாலும் சளிக்காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற அறிவியலாளர் இதுதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று கருதினார். உண்மைக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1933-இல் தெரிந்தது. ஆனால் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இதற்குத் தடுப்பூசி செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் தடுப்பூசியாகக் கொடுத்தால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல் அதற்குச் சரியாக எதிர்ப்பொருள் செய்வதில்லை. நோய் அதிகம் வருவதோ அந்த வயதில்தான். விஞ்ஞானிகள் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்தார்கள். புரதத்தை அடையாளம் காணும் திறன் குழந்தைக்கு முன்னரே உண்டு. புரதத்தைக் கவனிக்கும் உடல், அதோடு ஒட்டியுள்ள சர்க்கரையையும் கவனித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதைப் போன்ற உத்தி இது. இணைப்புத் தடுப்பூசி எனப்படும் இது 1980-களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 20,000 சிறு குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கிவந்த ஹிப் நோய், பிறகு 99 விழுக்காடு குறைந்துவிட்டது.

மலேசியா 2002-இல் ஹிப் தடுப்பூசியைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் 2011 டிசம்பரில் இதனை முதலில் தொடங்கிய இரு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும். இப்போது நம் நாட்டில் ஆறு நோய்களுக்கு எதிரான ஒரே ஊசியில் ஹிப் அடங்கியிருக்கிறது. 2, 3, 5, 18-ஆம் மாதங்களில் அது போடப்படுகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பரில் திட்டத்தில் சேர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15-ஆம் மாதங்களில் அது கிடைக்கிறது. உங்கள் கையில் தழும்பாக இருக்கிறதே, அந்த பிசிஜி ஊசியும் இதோடு தொடர்புடையதுதான். 1961 முதல் நம் நாட்டில் போடப்படும் இந்த ஊசி, கைக்குழந்தைகளைக் காசநோய்க் கிருமியால் வரும் மூளையுறை அழற்சியிலிருந்து காக்கிறது.

ஊசி போடும் வயதுக்கு முன்

ஒன்றைக் கவனித்தீர்களா? ஹிப் ஊசி தொடங்குவதே இரண்டாம் மாதத்தில். அதற்கு முந்திய வாரங்களில் குழந்தையைக் காப்பது சுற்றியுள்ள பெரியவர்கள்தாம். பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் ஈ கோலிக்கும் எதிராகக் குழந்தைகளுக்கு நாட்டுத் திட்டத்தில் ஊசி இல்லை. ஆனால் வேறு வழிகள் உண்டு.

கர்ப்பிணி தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். முந்திய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தாலோ, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியும் குழந்தை பிறக்காவிட்டாலோ, பிரசவ வலியின்போது காய்ச்சல் இருந்தாலோ, மாதம் நிறைவதற்கு முன் வலி கண்டாலோ மருத்துவர்கள் தாய்க்குப் பெனிசிலின் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். பிறந்த குழந்தையைக் கிருமி பற்றுவதை இது பெருமளவு தடுக்கும். ஆகவே பனிக்குடம் உடைந்தால் வலி வரும்வரை வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்ப்பால் எதிர்ப்பொருள்களைக் கொண்டது. சீம்பாலை வீணாக்கக் கூடாது. தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வேறு எந்தப் பொடியோ வைக்கக் கூடாது. சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். குழந்தை பார்க்க வருபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தூக்க வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். வாயில் முத்தமிட வேண்டாம்.

உங்கள் பங்கு என்ன?

"நாங்கள் பள்ளி மாணவர்கள்தானே, எங்களால் என்ன முடியும்?" என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் பெற்றோர் வேலைக்குப் போன பிறகு அக்காவின் குழந்தையையோ தம்பியையோ பார்த்துக்கொள்வது நீங்களும் பாட்டியும்தான். வெப்பமானியைப் படித்துச் சொல்லக்கூடியவர் நீங்கள். மருத்துவர் மலாயில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கக்கூடியவரும் நீங்கள்தான்.

குழந்தையிடம் மேலே சொன்ன அறிகுறி எதையாவது கண்டால், எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தது, வெப்பம் எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது பேருதவி. செம்பனைத் தோட்டத்துக்குள் வீடு இருந்து, வண்டி இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள். "இராத்திரி நேரமாயிற்றே, டாக்டர் திட்டுவாரோ" என்ற தயக்கம் வேண்டாம். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அது நல்ல சேதிதான்.

இந்த வாரம் ஒரு சிறு வேலை. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அதன் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தக் கட்டத்திலாவது தேதி எழுதாமல் விடுபட்டிருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள். விடுபட்ட ஊசியைப் போட்டுக்கொள்ள முடியுமா என்பதைச் சுகாதாரக் கிளினிக்கில் உள்ள மிஸியிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.